யார் சுமப்பது? பிரிட்டனின் மின்சார, எரிவாயுச் சட்டங்கள்

2024 செப்டம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. லண்டனின் ஹோல்பர்ன் வயடக்டில் எடிசனின் நிறுவனம் 1882இல் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கி அப்போது 142 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜி7 நாடுகளில் நிலக்கரி மின்சாரத்தை முற்றாகக் கைவிட்ட முதல் நாடு பிரிட்டன். கார்பனுக்கு விதித்த விலை, அனல்மின் நிலையங்களுக்கான உமிழ்வு வரம்பு, காற்றாலைகளுக்கு அளித்த நீண்டகால ஒப்பந்தங்கள் என்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்து இந்த முடிவைச் சாத்தியமாக்கின.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2023 பிப்ரவரியில், அதே நாட்டை வேறொரு செய்தி உலுக்கியது. கட்டணம் கட்ட முடியாதவர்களின் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்த முகவர்கள், பணம் போட்டால்தான் மின்சாரமும் எரிவாயுவும் வரும் முன்கட்டண மீட்டர்களைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அந்த வீடுகளில் உடல் ஊனமுற்றவர்கள் இருந்தார்கள், கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் இருந்தார்கள். முகவர்கள் கையில் நீதிமன்ற அனுமதியும் இருந்தது. அதற்கும் ஒரு சட்டம் இடம் கொடுத்திருந்தது.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆற்றல் துறையின் ஒவ்வொரு சட்டமும், எரிபொருள் விலை ஏறினால், கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனால், நிறுவனம் திவாலானால், பூமி சூடானால் அந்த இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் பிரிட்டன் இந்தப் பதிலைப் பலமுறை மாற்றி எழுதியிருக்கிறது. ஆயினும் சுமையின் பெரும்பகுதி ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும் கட்டண ரசீதில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அது எப்படி நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. வட அயர்லாந்தின் மின்சாரம் அயர்லாந்துத் தீவின் பொதுச் சந்தையோடு இணைந்தது. ஆகவே இங்கே பிரிட்டன் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றையும் குறிக்கும்.

விற்பனையும் வாக்குறுதியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, 1947ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் மூலம் நூற்றுக்கணக்கான மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. எரிவாயு அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. மார்கரெட் தாட்சர் அரசு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. 1986ஆம் ஆண்டின் எரிவாயுச் சட்டம் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1989ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மின்சாரம் தந்துவந்த மத்திய மின் உற்பத்தி வாரியத்தைத் துண்டுகளாகப் பிரித்தது. உற்பத்தி, உயர் அழுத்தத் தடங்கள், விநியோகம், விற்பனை ஆகியவை தனித்தனித் தொழில்களாயின. அணுமின் நிலையங்களின் உண்மைச் செலவு வெளியே தெரிந்ததும் முதலீட்டாளர்கள் பின்வாங்கவே, அவை மட்டும் சில ஆண்டுகள் அரசிடம் தங்கின.

முதலீட்டின் அபாயத்தை இனிப் பங்குதாரர்கள் ஏற்பார்கள், போட்டியால் விலை குறையும், இவற்றைக் கவனிக்க ஓர் ஒழுங்குமுறை ஆணையம் போதும் என்பது அன்றைய வாக்குறுதி. 1990களின் இறுதியில் வீடுகளும் தாம் விரும்பும் நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கும் உரிமை பெற்றன. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தனித்தனியே இருந்த ஆணையங்கள் இணைந்து ஆஃப்ஜெம் உருவானது.

வட கடலில் எரிவாயு நிறையக் கிடைத்த காலம் அது. புதிதாகக் கட்டப்பட்ட எரிவாயு மின் நிலையங்கள் மலிவாக மின்சாரம் தந்ததால் அந்த வாக்குறுதி சில காலம் பலித்ததுபோலத் தோன்றியது. 2004 வாக்கில் பிரிட்டன் எரிவாயுவை ஏற்றுமதி செய்வதை விட அதிகம் இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் நேரடியாக வீட்டுக்குள் வந்தது. இதனிடையே, பிரிட்டிஷ் அரசு விற்றவற்றில் பலவற்றைப் பிற நாட்டு அரசுகளின் நிறுவனங்கள் வாங்கியிருந்தன. அணுமின் நிலையங்கள் பிரான்ஸின் இடிஎஃப் வசம் சென்றன. பின்னர் வந்த கடல் காற்றாலைகளில் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட், ஸ்வீடனின் வாட்டன்ஃபால், நார்வேயின் எக்வினார் ஆகியவை பெரும் பங்கு பிடித்தன.

ஒப்பந்தங்களின் காலம்

2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம் பிரிட்டனின் மிக முக்கியமான சட்டங்களில் ஒன்று. 1990இல் இருந்த உமிழ்வை 2050க்குள் 80 சதவீதம் குறைப்பது அரசின் சட்டக் கடமை என்று அது அறிவித்தது. ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரம்பு, அரசைக் கண்காணிக்கச் சுதந்திரமான காலநிலை மாற்றக் குழு, நாடாளுமன்றத்துக்குக் கட்டாய அறிக்கை ஆகியவற்றை ஏற்படுத்தியது. 2019 ஜூனில், தெரசா மேயின் ஆட்சி முடியும் தறுவாயில், இலக்கு நிகர பூஜ்யமாக உயர்த்தப்பட்டது. கீழவை அதை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது.

இலக்கை எழுதுவது எளிது. காற்றாலையும் அணுமின் நிலையமும் கட்டுவதற்குப் பெரும் பணம் முதலிலேயே வேண்டும், சந்தை விலை நாளை என்னவாகும் என்று தெரியாத நிலையில் வங்கிகள் கடன் தரத் தயங்கும். இதற்குத் தீர்வாக வந்தது 2013ஆம் ஆண்டின் ஆற்றல் சட்டம் உருவாக்கிய விலை வேறுபாட்டு ஒப்பந்தம். உற்பத்தியாளருக்கு ஓர் உறுதி விலை குறிக்கப்படும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் மீதத்தை அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் கொடுக்கும், மேலே போனால் உற்பத்தியாளர் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் பணம் நுகர்வோரின் ரசீதிலிருந்து வசூலாகிறது. சந்தை விலையின் அபாயம் இவ்வாறு முதலீட்டாளரிடமிருந்து நுகர்வோருக்கு மாறியது. பதிலுக்கு, வட்டிச் செலவு குறைந்ததால் ஆலையின் மொத்தச் செலவும் இறங்கியது.

கடல் காற்றாலைகளைப் பொறுத்தவரை இது வியக்கத்தக்க பலன் தந்தது. இந்த ஒப்பந்தங்களுக்காக 2015இல் நடந்த முதல் ஏலத்தில் ஆயிரம் யூனிட்டுக்கு 114 முதல் 120 பவுண்டு வரை இருந்த உறுதி விலை, 2022 ஏலத்தில் 37.35 பவுண்டாக இறங்கியது. இரண்டுமே 2012ஆம் ஆண்டு விலைக் கணக்கு. ஆனால் எஃகு விலையும் வட்டியும் ஏறியபின், 2023 ஏலத்தில் அரசு வைத்த 44 பவுண்டு உச்ச விலைக்கு ஒரு கடல் காற்றாலை நிறுவனம்கூட முன்வரவில்லை. அடுத்த ஆண்டு உச்ச விலையை 73 பவுண்டாக உயர்த்திய பிறகே ஏலம் மீண்டும் உயிர்பெற்றது. அதில் வென்ற திட்டங்களில் ஒன்றான ஹார்ன்சீ 4ஐயும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஆர்ஸ்டெட் நிறுவனம் 2025 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. விலையை மிகக் குறைவாக வைத்தால் ஆலை வராது, அதிகமாக வைத்தால் ரசீது வீங்கும். இந்த இடைவெளியைச் சரியாகக் கணிக்கும் திறமைதான் இன்றைய பிரிட்டிஷ் ஆற்றல் கொள்கையின் மையம்.

அணுமின் நிலையங்களில் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாமர்செட்டில் கட்டப்படும் ஹிங்க்லி பாயின்ட் சி நிலையத்துக்கு 2012 விலையில் ஆயிரம் யூனிட்டுக்கு 92.50 பவுண்டு, பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்வு, 35 ஆண்டுகள் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. கட்டுமானச் செலவு கூடினால் அது இடிஎஃப் நிறுவனத்தின் பாடு. 2016இல் 1,800 கோடி பவுண்டு என்று சொல்லப்பட்ட செலவு, 2024 தொடக்கத்தில் அதே விலைக் கணக்கில் 3,100 முதல் 3,500 கோடி பவுண்டு என்று திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட நிபந்தனையோடு இன்னொரு நிலையம் கட்ட எவரும் வரமாட்டார்கள் என்பது தெளிவானது.

ஆகவே 2022இல் அணுசக்தி நிதியளிப்புச் சட்டம் வந்தது. நிலையம் கட்டப்படும் காலத்திலேயே நுகர்வோரிடமிருந்து பணம் வசூலிக்க அது வழி செய்கிறது. சஃபோக் கடற்கரையில் எழும் சைஸ்வெல் சி நிலையத்துக்கு 2025 ஜூலையில் இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. மதிப்பீடு 3,800 கோடி பவுண்டு, அரசின் பங்கு 44.9 சதவீதம். ஒரு சராசரி வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடும் என்று அரசு சொல்கிறது. தொகை சிறிது. ஆயினும், பல ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் மின்சாரத்துக்கான கட்டுமான அபாயத்தில் இன்றைய குடும்பங்களே பங்காளிகளாகிவிட்டார்கள்.

உச்சவரம்பும் உடைந்த நிறுவனங்களும்

நிறுவனத்தை மாற்றிக்கொள்ளாத விசுவாசமான வாடிக்கையாளர்களிடம், குறிப்பாக முதியோரிடம், நிறுவனங்கள் அதிகக் கட்டணம் வாங்குகின்றன என்ற கோபத்திலிருந்து 2018ஆம் ஆண்டின் கட்டண உச்சவரம்புச் சட்டம் பிறந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஆஃப்ஜெம் அறிவிக்கும் உச்சவரம்புக்கு மேல் எந்த நிறுவனமும் வழக்கமான கட்டணத்தை வைக்க முடியாது. ஒரு சராசரி வீட்டின் முதல் உச்சவரம்பு ஆண்டுக்கு 1,137 பவுண்டு. உச்சவரம்பு, நிறுவனத்தின் லாபத்தைக் கட்டுப்படுத்துகிறது. எரிவாயுவின் மொத்த விலையை அதனால் கட்டுப்படுத்த முடியாது.

2021 இலையுதிர்காலத்தில் மொத்த விலை பாய்ந்தபோது இந்த வேறுபாடு அம்பலமானது. முன்கூட்டியே எரிவாயு வாங்கி வைக்காத, சொந்த மூலதனம் மிகக் குறைவான சிறு நிறுவனங்கள், வாங்கிய விலைக்கும் குறைவாக விற்க வேண்டியதாயிற்று. சில மாதங்களில் முப்பதுக்கு நெருக்கமான நிறுவனங்கள் மூழ்கின. போட்டியை வளர்க்கும் ஆர்வத்தில் ஆஃப்ஜெம், பண பலத்தைப் போதுமான அளவு சோதிக்காமல் உரிமம் வழங்கியிருந்தது. அவற்றின் வாடிக்கையாளர்களை மற்ற நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு சுமார் 270 கோடி பவுண்டு, வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. லாபம் வந்த காலத்தில் உரிமையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள், நஷ்டம் வந்தபோது நாட்டின் எல்லாக் குடும்பங்களும் பகிர்ந்துகொண்டன. ஏறத்தாழ 15 லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்ட பல்ப் நிறுவனத்தை அரசே சிறப்பு நிர்வாகத்தின் கீழ் எடுத்து நடத்தி, பின்னர் ஆக்டோபஸ் எனர்ஜிக்குக் கைமாற்றியது.

ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பின் நிலைமை முற்றியது. 2022 அக்டோபருக்கான உச்சவரம்பு 3,549 பவுண்டு என்று ஆஃப்ஜெம் அறிவித்தது. முதல் உச்சவரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பிரிட்டனின் மின் சந்தையில், ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் கடைசியாகத் தேவைப்படும் நிலையத்தின் விலையே மற்றவற்றுக்கும் விலையாகிறது, பெரும்பாலும் அது எரிவாயு நிலையம். அதனால் காற்று இலவசமாக வீசினாலும் மின்சாரத்தின் விலை எரிவாயுவோடு சேர்ந்து ஏறியது. அரசு அவசரச் சட்டம் இயற்றி, சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டணத்தை 2,500 பவுண்டாக நிறுத்தி, வித்தியாசத்தை அரசுப் பணத்திலிருந்து கொடுத்தது. வட கடல் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் எதிர்பாரா லாபத்துக்கு 2022இல் 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது. பின்னர் படிப்படியாக ஏறி, மொத்த வரிவிகிதம் 78 சதவீதத்தை எட்டியது. விலை வேறுபாட்டு ஒப்பந்தத்தில் இல்லாத பழைய காற்றாலைகளும் அணுமின் நிலையங்களும் பெற்ற திடீர் லாபத்துக்குத் தனியே 45 சதவீத வரி போடப்பட்டது. பல்லாயிரம் கோடி பவுண்டு செலவான இந்த நடவடிக்கைகள் அந்தக் குளிர்காலத்தைக் கடக்க உதவின என்பதை மறுக்க முடியாது.

பூட்டைத் திறந்த சட்டம்

ஆனாலும் கட்ட முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக்குள் நுழைய நிறுவனங்கள் பயன்படுத்தியது 1954ஆம் ஆண்டின் நுழைவுரிமைச் சட்டம். மின்சாரமும் எரிவாயுவும் அரசு வாரியங்களிடம் இருந்த காலத்துச் சட்டம் அது. நீதிபதி ஒருவர் விண்ணப்பத்தைப் பரிசீலித்து அனுமதி தர வேண்டும் என்பதே அதிலிருந்த பாதுகாப்பு. நடைமுறையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் ஒரே தொலைபேசி விசாரணையில், சில நிமிடங்களில், மொத்தமாக ஒப்புதல் பெற்றன. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், மின்சாரம் நின்றால் யாருடைய மருத்துவக் கருவி நிற்கும் என்று கேட்க ஒருவரும் இல்லை.

செய்தி வெளியானதும் ஆஃப்ஜெம் கட்டாய மீட்டர் பொருத்தலை நிறுத்தச் சொன்னது. மூத்த நீதிபதி எடிஸ் பிரபு, இத்தகைய விண்ணப்பங்களை மறு உத்தரவு வரும்வரை எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்து, வேல்ஸின் கீழ் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தினார். 2023 நவம்பரில் புதிய விதிகள் உரிம நிபந்தனைகளாயின. 75 வயதைக் கடந்து துணையின்றி வாழ்வோர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடுகள், மருத்துவத் தேவைக்குத் தொடர்ச்சியான மின்சாரம் வேண்டியோர் ஆகியோரிடம் கட்டாய மீட்டர் கூடாது. இவை மனிதத்தன்மையுள்ள விதிகள். வருத்தம் என்னவென்றால், அந்த மக்களின் துன்பம் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வரும்வரை இவை வரவில்லை. 1954ஆம் ஆண்டின் சட்டமும் நடப்பில்தான் இருக்கிறது. வீடுகள் ஆற்றல் நிறுவனங்களுக்குத் தர வேண்டிய கடன் பாக்கி, நெருக்கடி தணிந்த பின்னும் வளர்ந்து 400 கோடி பவுண்டைத் தாண்டியது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

ரசீதில் ஏறாத சுமை ஒன்றும் இருக்கிறது. இன்னும் பிறக்காதவர்கள் சுமக்கப்போகும் வெப்பம் அது. அதைச் சட்டத்தின் முன் நிறுத்தியது சர்ரே மாவட்டத்து ஹார்ஸ் ஹில் என்ற சிறிய எண்ணெய்க் கிணற்றுத் திட்டம். 2019இல் சர்ரே கவுன்ட்டி கவுன்சில் அத்திட்டத்துக்கு அனுமதி வழங்கியபோது, எண்ணெய் எடுக்கும் வேலையில் வரும் உமிழ்வை மட்டுமே கணக்கில் எடுத்தது. எடுத்த எண்ணெய் எரிக்கப்படும்போது வரும் உமிழ்வை விட்டுவிட்டது. உள்ளூர் அமைப்பு ஒன்றின் சார்பில் சாரா ஃபின்ச் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோற்றார். 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எடுக்கப்படும் எண்ணெய் எரிக்கப்படும் என்பது உறுதி, ஆகவே அந்த உமிழ்வும் திட்டத்தின் விளைவே, அதைச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் சேர்க்காத அனுமதி செல்லாது என்று நீதிபதி லெகட் பிரபு எழுதினார்.

இந்தத் தீர்ப்பு எண்ணெய் எடுக்கத் தடை விதிக்கவில்லை. அனுமதி தருபவர் முழு விளைவையும் மக்கள் முன் வைத்துவிட்டுத் தர வேண்டும் என்றது. அதன் வீச்சு விரைவில் தெரிந்தது. 2024 செப்டம்பரில் வைட்ஹேவன் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தரப்பட்ட அனுமதியை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2025 ஜனவரியில் எடின்பரோ நீதிமன்றம், ஷெட்லாந்துக்கு வடமேற்கே உள்ள ரோஸ்பேங்க் எண்ணெய் வயலுக்கும் ஷெல் நிறுவனத்தின் ஜாக்டா எரிவாயு வயலுக்கும் தரப்பட்ட ஒப்புதல்கள் சட்டவிரோதமானவை என்றது. முன்னதாக, அரசின் நிகர பூஜ்யத் திட்டமே போதிய விவரம் இல்லாதது என்று 2022இலும், திருத்திய திட்டமும் அப்படியே என்று 2024 மே மாதத்திலும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

சாதாரணக் குடிமக்கள் இத்தகைய வழக்குகளைத் தொடுக்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கில் தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவுக்காகத் தனிநபர் தர வேண்டிய தொகைக்குப் பொதுவாக 5,000 பவுண்டு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு இல்லையென்றால் காலநிலைச் சட்டத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு செல்வந்தர்களுக்கு மட்டுமே இருந்திருக்கும்.

அரசு திரும்பி வருகிறது

2023ஆம் ஆண்டின் ஆற்றல் சட்டம் மிகப் பெரியது. அதன் முக்கியமான விளைவாக, நாட்டின் மின் ஓட்டத்தை நொடிக்கு நொடி சமன்செய்யும் பணி தனியாரிடமிருந்து மீண்டும் பொதுத் துறைக்கு வந்தது. நேஷனல் கிரிட் நிறுவனத்திடமிருந்து 63 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்ட அந்த அமைப்பு, 2024 அக்டோபர் 1 முதல் நீசோ என்ற பெயரில் இயங்குகிறது. தடங்களைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனமே எங்கே தடம் வேண்டும் என்று ஆலோசனையும் சொல்வதில் இருந்த நலன் மோதல் இதனால் நீங்கியது.

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, இங்கிலாந்தில் 2015 முதல் நிலத்துக் காற்றாலைகளை ஏறத்தாழ முடக்கி வைத்திருந்த திட்ட விதியைச் சில நாட்களிலேயே நீக்கியது. 2025 மே மாதம் கிரேட் பிரிட்டிஷ் எனர்ஜி சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அபர்டீனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அரசு நிறுவனம் வீடுகளுக்கு மின்சாரம் விற்காது, தூய ஆற்றல் திட்டங்களில் முதலீடு செய்யும். சூரியத் தகடுகள் போன்றவற்றின் தயாரிப்பில் கொத்தடிமை உழைப்பு கலந்திருக்கக் கூடாது என்ற பொறுப்பும், நாடாளுமன்ற விவாதத்தின் அழுத்தத்தால் அச்சட்டத்தில் சேர்ந்தது. மலிவான தகட்டின் உண்மை விலையை எங்கோ ஒரு தொழிலாளி சுமக்கிறார் என்பதை ஓர் ஆற்றல் சட்டம் கணக்கில் எடுத்தது நல்ல தொடக்கம்.

அரசு பின்வாங்கிய இடமும் உண்டு. ஸ்காட்லாந்தில் காற்று அதிகம், தேவை குறைவு. மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகத் தடங்கள் போதவில்லை. காற்று பலமாக வீசும் நாட்களில் அங்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்து, தெற்கே எரிவாயு நிலையங்களை இயக்கவும் பணம் கொடுக்கிறார்கள். இரண்டு செலவும் ரசீதில் ஏறுகிறது. நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மொத்த விலை வைத்தால் இது குறையும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. முதலீட்டாளர்கள் அஞ்சி வட்டியைக் கூட்டுவார்கள், விலை அஞ்சல் குறியீட்டைப் பொறுத்துவிடும் என்று மறுதரப்பு வாதிட்டது. மூன்று ஆண்டு ஆலோசனைக்குப் பின் 2025 ஜூலை 10 அன்று அரசு, நாடு முழுதும் ஒரே மொத்த விலை தொடரும் என்று முடிவெடுத்தது. இப்போது எல்லாம் புதிய தடங்களை எவ்வளவு விரைவாகப் போடுவது என்பதில் வந்து நிற்கிறது.

ரசீதா, வரியா?

அணுமின் நிலையமோ காற்றாலையோ திவாலான நிறுவனமோ, செலவு எங்கிருந்து புறப்பட்டாலும் அது வந்து சேரும் இடம் வீட்டு ரசீது. வருமான வரி வருமானத்துக்கு ஏற்ப உயரும். ரசீது அப்படி உயராது. குளிர்காலத்தில் ஏழை வீட்டுக்கும் வெப்பம் வேண்டும், பல நேரங்களில் சுவரும் சன்னலும் பழுதான ஏழை வீட்டுக்குத்தான் அதிகம் வேண்டும். ரசீதின் வழியாக வசூலிக்கப்படும் ஒவ்வொரு பவுண்டும் குறைந்த வருமானக் குடும்பத்தின் வரவில் பெரிய பங்கைத் தின்கிறது. நாட்டின் பொது நன்மைக்கான ஒரு மாற்றத்தின் செலவை இப்படி வசூலிப்பது நியாயமல்ல. அரசியல் ரீதியாகவும் ஆபத்தானது. காலநிலை மாற்றச் சட்டத்தையே ரத்துசெய்வோம் என்று கன்சர்வேட்டிவ் கட்சி 2025 அக்டோபரில் அறிவித்ததற்கு, ரசீதின்மீது மக்களுக்கு இருக்கும் கோபமே தளம் அமைத்துக் கொடுத்தது.

2025 நவம்பர் நிதிநிலை அறிக்கை இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. 2002இல் தொடங்கிய பழைய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மானியத்தில் வீடுகள் தரும் பங்கின் 75 சதவீதத்தை, 2026 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசுக் கருவூலம் ஏற்கும் என்று அது சொன்னது. மேற்சொன்ன சட்டங்கள் அனைத்திலும் இந்த முடிவுக்கு ஒரு தனி இடம் உண்டு. சுமையை மறைத்து வைக்காமல், தாங்கக்கூடியவர்களிடம் அதிகம் கேட்கும் வரிக்கு அது மாற்றுகிறது, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய கணக்காகவும் ஆக்குகிறது. ஆனால் அதே அறிக்கை, ஏழை வீடுகளுக்கு வெப்பக் காப்பு செய்து தந்த, ரசீது வழியாக நிதி பெற்ற திட்டத்தையும் நிறுத்தியது. மூன்று ஆண்டுக் கெடுவும் குறுகியது. மூன்று ஆண்டு ஏற்பாட்டை நிரந்தரச் சட்டமாக்குவதும், வீடுகளைக் குளிர் புகாமல் செப்பனிடும் செலவைக் கருவூலத்தின் நிலையான பொறுப்பாக்குவதும், 1954ஆம் ஆண்டின் நுழைவுரிமைச் சட்டத்தை இன்றைய மனித உரிமைக்கு ஏற்பப் புதிதாக எழுதுவதும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உடனே செய்யக்கூடியவை. நிலக்கரியை விட்டுவிட 142 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட நாடு, இவற்றுக்கு அத்தனை காலம் எடுக்க வேண்டியதில்லை.